மாமரத்தடியா, ஊர் மயானமா?

போன மாட்டுப் பொங்கலன்று தாத்தா சமாதிக்குப் படையல் வைத்துவிட்டுத் திரும்பும்போது அப்பா சொன்னார்: “என்னையும் இங்கயே வெச்சிடுங்கடா. அந்த ரெண்டாவது மாமரத்துக்கு இந்தப் பக்கம். வெட்றதுக்கு மண்ணு லேசா இருக்கும்.” சாவைப் பற்றிப் பேசுகிற தொனியே இல்லை. போர் போட இடம் காட்டுகிற மாதிரிதான் கையை நீட்டிக் காட்டினார். அவருக்கு 78 வயது. நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா மட்டும் “சரிப்பா” என்றாள்.

சரி என்று சொல்லிவிடலாம். ஊத்தங்கரைப் பக்கம் எங்களுக்கு எரிக்கும் வழக்கமில்லை, புதைப்பதுதான். கிருஷ்ணகிரி, தருமபுரி சாலைகளில் பேருந்தில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: கேழ்வரகுக் கொல்லைக்கு நடுவே வெள்ளையடித்த ஒரு சின்ன மேடை, தலைமாட்டில் விளக்கு வைக்க ஒரு மாடம். தாத்தாவை 1987ல் அப்படி வைத்தபோது யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்பார்கள். அதனால் பொங்கல் முடிந்த கையோடு மூன்று பேரும் உட்கார்ந்து, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக அலசினோம். அப்பா காட்டிய இடம், ஊர் மயானம், எரித்துவிட்டுச் சாம்பலை மட்டும் நிலத்தில் வைப்பது, மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொடுப்பது. இதே பேச்சு உங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தால் நாங்கள் தெரிந்துகொண்டது உதவலாம்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் இதைத் தப்பாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். “என் பட்டா நிலம், என் அப்பா, எவன் கேட்பான்?” என்பதுதான் பொதுவான எண்ணம். கிராம ஊராட்சிகளில் இடுகாடு, சுடுகாடு அமைப்பதற்கென்று தமிழ்நாட்டில் 1999ஆம் வருடத்து விதிகள் இருக்கின்றன. அதில் நமக்கு வேண்டியது இரண்டே சங்கதி. ஒன்று, பொது இடமோ தனியார் இடமோ, பிணம் புதைக்கவோ எரிக்கவோ புதிதாக ஓர் இடத்தைத் தொடங்க வேண்டுமானால் ஊராட்சியில் விண்ணப்பித்து உரிமம் வாங்க வேண்டும். இரண்டு, அப்படி உரிமம் பெற்ற இடமாக இல்லாவிட்டால், குடியிருப்பிலிருந்தோ குடிநீர் ஆதாரத்திலிருந்தோ 90 மீட்டருக்குள் புதைக்கக் கூடாது.

இந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டுதான் ரொம்ப நாள் வாதம் நடந்தது. 90 மீட்டருக்கு அப்பால் என் நிலம் இருக்கிறது, அப்புறம் உரிமம் எதற்கு என்று கேட்டார்கள். தீர்ப்புகளும் இப்படியும் அப்படியுமாக வந்தன. கடைசியில் 2023ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு இதை எடுத்துக்கொண்டு ஒரேயடியாகச் சொல்லிவிட்டது: மயானமென்று ஒதுக்கிய இடம் அல்லது உரிமம் பெற்ற இடம் தவிர வேறெங்கும் அடக்கம் செய்ய முடியாது. தூரம் எவ்வளவு இருந்தாலும் உரிமம் வேண்டும். மீறிப் புதைத்தால் தோண்டியெடுத்து மயானத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வரலாம். புதைத்து மாதக்கணக்கில் ஆன உடலைப் போலீஸ், தாசில்தார் முன்னிலையில் வெளியே எடுப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

உச்ச நீதிமன்றத்தில் வேறு மாதிரி வராதா என்று தம்பி கேட்டான். கிட்டத்தட்ட வந்தது. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில், கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பத்தின் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். ஊர் மயானத்தில் இடமில்லை என்றார்கள், சொந்த நிலத்தில் வைக்கவும் விடவில்லை. உடல் 2025 ஜனவரி 7லிருந்து பிணவறையில் கிடந்தது. ஜனவரி 27ல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பெழுதினார்கள். சொந்த நிலத்தில் வைக்கலாம் என்றார் ஒருவர். அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றார் மற்றவர். வழக்கைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினால் உடல் இன்னும் எத்தனை நாள் கிடக்குமோ என்று, 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த கிறிஸ்தவ இடுகாட்டில் அடக்கம் செய்யச் சொல்லி முடித்தார்கள். மகன் 20 நாள் போராடியும் அப்பாவுக்குச் சொந்த மண் கிடைக்கவில்லை.

“பெரிய ஆளுங்களுக்கு மட்டும் எப்படி நடக்குது?” இது சித்தப்பாவின் கேள்வி. நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் விஜயகாந்த் கோயம்பேட்டில் அவருடைய கட்சித் தலைமை அலுவலக வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆறு மாதம் கழித்து, பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவராக இருந்த ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்டபோது பெரம்பூர் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்ய அனுமதி கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவசரமாக விசாரித்த உயர்நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. குடியிருப்புப் பகுதி, குறுகலான இடம். கடைசியில் திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில் உறவினர் ஒருவரின் தனியார் நிலத்தில் அரசு அனுமதியோடு அடக்கம் நடந்தது. செல்வாக்கு இருந்தால் அனுமதி ஒரே நாளில் வரும் என்பது உண்மைதான். ஆனால் அவர்களுக்கும் அனுமதி என்று ஒன்று தேவைப்பட்டது என்பதைத்தான் சித்தப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, உரிமமே வாங்கிவிடலாமே என்று 30 மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் கொல்லைக்குப் போனோம். அப்பா காட்டிய மாமரத்தடியில் குச்சி நட்டோம். கிழக்கே மூன்று முறை இழுத்தால் 90 மீட்டர். முதல் இழுப்பு வாய்க்காலோடு நின்றது. இரண்டாவது இழுப்பில் தம்பி பக்கத்துக் கொல்லைக்காரரின் மோட்டார் கொட்டகையைத் தொட்டுவிட்டான். அந்த போர்த் தண்ணீரைத்தான் அவர்கள் வீட்டில் குடிக்கிறார்கள். மூன்றாவது இழுப்புக்கு வேலையே இல்லை. அங்கேயே வரப்பில் உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாலாபுறமும் 90 மீட்டர் வேண்டுமானால் அந்த வட்டம் மட்டும் கிட்டத்தட்ட 6 ஏக்கர் 29 சென்ட் வருகிறது. எங்களுக்கு இருப்பது இரண்டே கால் ஏக்கர். அதாவது, நம் நிலம் போதாது, சுற்றியிருக்கிறவர்கள் நிலமும் வீடில்லாமல் கிணறில்லாமல் காலியாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு போர் போட்டிருக்கிற இன்றைய கிராமத்தில் இது எத்தனை பேருக்கு அமையும்?

உரிமம் கொடுத்துவிட்டால் 90 மீட்டர் தடை பொருந்தாது என்றுதான் விதியின் வாசகம் இருக்கிறது. ஆனால் பக்கத்து போர்த் தண்ணீருக்கு அவ்வளவு அருகில் இருக்கும் இடத்துக்கு எந்த அலுவலர் கையெழுத்துப் போடுவார்? வரைபடம், எல்லை, பரப்பு, யார் பேரில் இருக்கிறது, யார் பராமரிப்பார்கள் என்றெல்லாம் கொடுக்க வேண்டும். எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனது. தலைவராக இருந்திருந்தால் வீட்டுத் திண்ணையில் போய்ப் பேசியிருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். விண்ணப்பம் நகர மாதங்கள் ஆகலாம், ஐஸ் பெட்டி தாங்குவது ஒன்றிரண்டு நாள். ஆக, சொந்த நிலம்தான் என்று முடிவெடுக்கிறவர்கள் அந்த மனிதர் நடமாடும்போதே, அவர் கையெழுத்திலேயே மனு கொடுத்து உரிமத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சாவு வீட்டில் பந்தல் போட்ட பிறகு ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடுவதில் ஒரு பயனும் இல்லை.

இனி வரி. சித்தப்பா மகன் வெளிநாட்டில் இருக்கிறான். “சமாதி இருக்கற நிலத்துக்கு வரி கிடையாதாம்ணா, நெட்டுல போட்டிருக்கு” என்று வாட்ஸாப்பில் குரல் அனுப்பினான். நெட்டில் போட்டிருப்பது அமெரிக்கக் கதை. டெக்சாஸ் மாநிலத்தில் லாப நோக்கமில்லாமல் அடக்கத்துக்கு மட்டுமே பயன்படும் நிலத்துக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. அங்கே சொத்து வரி குடும்பத்தின் கழுத்தை நெரிக்கிற தொகை, அதனால் அந்தக் கேள்விக்கு அங்கே அர்த்தம் இருக்கிறது. நம் கொல்லைக்கு நாம் கட்டும் நிலவரி ஏக்கருக்குச் சில ரூபாய். அதில் அரை சென்ட்டுக்கு விலக்கு வாங்கி என்ன செய்ய? ஊராட்சியின் வீட்டு வரி கட்டடத்துக்கு. வெறும் மேடைக்கு யாரும் வரி போட்டு நான் பார்த்ததில்லை. நான்கு தூண், மேலே கான்கிரீட் கூரை, கிரில் கதவு என்று மண்டபம் எழுப்பினால் அது கட்டடம், அளக்க வருகிறவர் டேப்பை வெளியே எடுப்பார்.

நகரத்தில் கதை வேறு. அங்கே சொத்து வரியும் காலிமனை வரியும் நிஜமாகவே பணம். 2022ல் வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை சொத்து வரியை ஏற்றினார்கள். விலக்கு என்பது உள்ளாட்சியின் பதிவேட்டில் ஏறிய மயானங்களுக்கு, அதாவது ஊர் பொதுவாகப் பயன்படுத்தும் இடங்களுக்கு. உங்கள் 1,200 சதுர அடி மனையின் மூலையில் ஒரு சமாதி இருப்பதால் மனை மயானமாகிவிடாது. வரி ரசீது வழக்கம்போல வரும்.

வரியாகக் கட்டாமல் விலையாக இழப்பதுதான் பெரிய நஷ்டம். இதை எங்கள் குடும்பம் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. தாத்தா சமாதிக்குத் தெற்கே இருந்த பாகம் பெரியப்பாவுடையது. பத்து வருடத்துக்கு முன் மகள் கல்யாணத்துக்காக அதை விற்றார். வாங்க வந்தவர் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார், சமாதியைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தரகரிடம் கால்வாசி விலையைக் குறைத்துச் சொல்லியனுப்பினார். இத்தனைக்கும் சமாதி இருப்பது அவர் வாங்கும் பாகத்தில்கூட இல்லை, பார்வை படுகிற தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். வாங்கிய மூன்றாம் மாதம் கல்தூண் நட்டுக் கம்பி வேலி போட்டார். அதுவரை நாங்கள் சமாதிக்குப் போன ஒற்றையடிப் பாதை வேலிக்குள் போய்விட்டது. பாதை பத்திரத்தில் இல்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அண்ணன் தம்பி நிலத்தில் நடப்பதற்குப் பத்திரமா என்ன? அந்த வருடம் ஆடி அமாவாசைக்கு அம்மா படையல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வழியாகச் சுற்றிப் போனார், முழங்கால்வரை சேறு.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் சமாதி அதில் வராது. அது பத்திரங்களை மட்டும் காட்டும், குழிகளைக் காட்டாது. ஆனால் 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியமான குறையை விற்பவர் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். மேடை இடிந்து புல் மண்டிய சமாதியைச் சொல்லாமல் விற்றால் பிறகு வழக்கு உங்கள் வாசலுக்கு வரலாம். வாங்குகிறவருக்கும் சிக்கல் உண்டு. உள்ளே இருப்பது தெரிந்தே, அந்தக் குடும்பத்தின் மனம் புண்படும் என்று தெரிந்தே, ஜேசிபியை விட்டுத் தட்டினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆம் பிரிவில் போலீஸுக்குப் போக இடம் இருக்கிறது. ஒரு வருடம்வரை சிறை.

ஆகவே உரிமம் கிடைக்கிற அளவுக்கு நிலம் இருக்கிறவர்களும் இன்னொரு செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அந்த இரண்டு மூன்று சென்ட்டைத் தனியாக உட்பிரிவு செய்து, சாலையிலிருந்து அதற்குப் போகும் பாதையையும் அளவோடு எழுதி, பாகப்பிரிவினையிலோ செட்டில்மென்டிலோ பதிவு செய்ய வேண்டும். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், 2023 திருத்தத்துக்குப் பிறகு உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. பெண் பிள்ளைகளுக்கும் சம பங்கு உண்டு என்பதால் அக்கா, தங்கை கையெழுத்தில்லாமல் பொதுச் சொத்தில் குழி வெட்டுவது பிற்பாடு தகராறில்தான் முடியும். எங்கள் அக்கா தங்கமானவள். ஆனால் அவள் மருமகன் எப்படிப்பட்டவனாக வருவான் என்று யாருக்குத் தெரியும்?

ஊர் மயானம் அடுத்தது. சொல்வதற்கு அதிகம் இல்லை. உரிமம் வேண்டாம், வரி கிடையாது, விலை குறையாது, தோண்டச் சொல்லி யாரும் வர மாட்டார்கள். எங்கள் ஊர் மயானம் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. கருவேல முள், மழைக்காலத்தில் தண்ணீர், கைபம்பு பழுதாகி இரண்டு வருடம். அங்கே இடத்துக்கு உரிமை கிடையாது, பத்து வருடம் கழித்து அப்பா இருந்த இடத்தில் இன்னொருவரை வைப்பார்கள். அப்பாவுக்கு உறுத்துவது இதுதான். ஆனால் இந்த வாய்ப்பே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2019ல் வாணியம்பாடிக்குப் பக்கத்து நாராயணபுரத்தில், மயானத்துக்குப் போகும் வழி மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. “சொந்தக் கொல்லையில் வைத்துக்கொள்கிறோம்” என்று சில குடும்பங்கள் சொல்வதற்குப் பின்னால் மாமரத்து நிழல் மீதான ஆசை இல்லை, பாதை மறுக்கப்பட்ட கோபம் இருக்கிறது. அப்படியிருக்கும் ஊரில் தனி நிலத்தைவிடப் பாதைக்காக மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்பதும், தேவைப்பட்டால் நீதிமன்றம் போவதும்தான் சரியென்று எனக்குப் படுகிறது. அடுத்த சாவுக்கும் அந்தப் பாதை வேண்டுமே.

எரித்துவிட்டுச் சாம்பலை நிலத்தில் வைப்பது, காகிதப்படி பார்த்தால் எல்லாவற்றையும்விடச் சுலபம். விதிகள் பேசுவது பிணத்தைப் புதைப்பது, எரிப்பது பற்றி. தகன மேடையில் எரித்து, அஸ்தியின் ஒரு பகுதியை ஆற்றில் கரைத்து, மிச்சத்தை ஒரு பானையில் மாமரத்தடியில் வைத்து மேலே கல் நட்டால் 90 மீட்டரும் இல்லை, உரிமமும் இல்லை. நிலத்தை விற்கும் நாள் வந்தால் பானையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். எரிக்கிற வழக்கமுள்ள குடும்பங்களுக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். கத்தோலிக்கர்கள் மட்டும் பங்குத் தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பலை வீட்டில் வைக்காமல் கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று வத்திக்கான் 2016ல் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்த கணமே அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “வெயில்ல வெந்தது பத்தாதா? எரிக்கற வேலை வேணாம்.”

உடல் தானம் அக்காவின் யோசனை. கிருஷ்ணகிரியிலேயே 2022லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இருக்கும்போதே உடற்கூறியல் துறையில் எழுதிக் கொடுத்து வைக்கலாம், செலவு கிடையாது. ஆனால் மேடையும் இல்லை, மாடமும் இல்லை. அம்மா மாட்டுப் பொங்கலுக்கு எங்கே போய்ப் படைப்பார் என்ற கேள்விக்கு அக்காவிடமே பதில் இல்லை.

எங்கே அடக்கம் செய்தாலும் ஒரு காரியத்தை விட்டுவிடாதீர்கள். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்யுங்கள். வீட்டில் இறந்து சொந்த நிலத்தில் அடக்கம் ஆனவர்களுக்கு மயானத்துப் பதிவேட்டில் பெயர் இருக்காது. பின்னால் வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், வங்கிக் கணக்கு என்று போகும்போது இறந்ததையே நிரூபிக்க அலைய வேண்டி வரும். தாத்தாவின் இறப்புச் சான்றுக்கு அப்பா மூன்று வருடம் நடந்தார்.

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னோம். டேப் இழுத்ததையும் சொன்னோம். கேட்டுக்கொண்டே வெற்றிலை மடித்தார். “அப்ப ஏரிக்கரைதான்னு சொல்றீங்க” என்றார். அக்காதான் ஒரு வழி சொன்னாள். எங்கள் குலதெய்வமே தாய்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து வைத்ததுதான். காரியம் முடிந்த மறுநாள் ஏரிக்கரைக் குழியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, தாத்தாவுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கல் நட்டுவிடலாம். ஒரு பிடி மண்ணுக்கு எந்த அலுவலகத்திலும் உரிமம் கேட்க மாட்டார்கள்.

“பிடிமண்ணு சாமிக்குத்தானடி எடுப்பாங்க.”

“நீயும் சாமியாத்தானேப்பா ஆகப் போற.”

அப்பா கொஞ்ச நேரம் மாமரத்தைப் பார்த்தார். “கல்லு கருங்கல்லா போடுங்க. சிமெண்ட்டுல போட்டா ரெண்டு மழைக்கு நிக்காது.”